கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்: மெக்கானிக் வருமுன் நாம் பார்க்க வேண்டியவை

மார்கழி மாதம், பகல் பத்து நடந்துகொண்டிருந்த நேரம். ஸ்ரீரங்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பில்லிங் கம்ப்யூட்டர் காலையில் கிளம்பவில்லை. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் இருட்டு. பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிய வேகத்திலேயே, "மதர்போர்டு போய்விட்டது, புது மெஷின்தான் வாங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்களின் பற்று வரவு முழுவதும் அதற்குள் இருந்தது. நாம் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் என்னும் நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினோம். மெஷின் ஓடியது. செலவு ஒரு காசும் இல்லை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கோளாறு எந்தப் பாகத்தில் என்பதை வரிசையாகக் கழித்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் சுவர் பிளக்கைப் பாருங்கள். வேறொரு சாதனத்தை அதில் செருகிப் பார்க்கலாம். அடுத்து யு.பி.எஸ்.ஸை விலக்கி, நேரடியாகச் சுவரில் இணைத்துப் பாருங்கள். ஓடினால் குற்றம் யு.பி.எஸ். பேட்டரியில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் இந்த பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில், தகரக் கூரைக்கடியில் அதை வைத்தால் என்ன ஆகும்? நேரடி இணைப்பிலும் உயிர் இல்லையென்றால், பவர் கார்டை மாற்றிப் பார்த்தபின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சந்தேகிக்கலாம். மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் வருகிறதா என்று மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்ப்பார். அந்தப் பெட்டியை மட்டும் நாம் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

சிறிது நேரம் ஓடித் தானாக அணைந்தால் பெரும்பாலும் சூடுதான். நம் கடைகளில் மிளகாய்த்தூள், மைதா, மாலையில் சாம்பிராணிப் புகை எல்லாவற்றையும் விசிறி உள்ளே இழுத்துக்கொள்கிறது. காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் கரப்பான் குடும்பமே உள்ளே குடியிருக்கக் கண்டிருக்கிறோம். புளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினானால் மதர்போர்டில் உள்ள சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவை கெபாசிட்டர்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் இப்படி உப்பிக் கெட்ட போர்டுகள் ஏராளம். விஷயம் தெரிந்தவர் அவற்றை மட்டும் மாற்றிப் பற்றவைத்துவிடுவார்.

தேதி தினமும் பல வருடம் பின்னுக்குப் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032, 3 வோல்ட். சாதாரணமாகத் தோன்றினாலும் இதை விட்டுவைக்கக் கூடாது. சில மென்பொருளில் கம்ப்யூட்டர் தேதியே பில்லில் விழும். ஜி.எஸ்.டி. தளமும் திறக்க மறுக்கலாம். கணக்குத் தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியன்று அது தெரியவந்தால் என்ன பாடு!

எல்லாவற்றிலும் கவலைக்குரியது ஹார்டு டிஸ்க். எஸ்.எம்.பி.எஸ். போனால் வேறு வாங்கலாம்; கணக்குப் போனால் எந்தக் கடையில் வாங்குவது? 'டிக் டிக்' என்ற சத்தம், ஃபைல் திறக்க நெடுநேரம், அடிக்கடி நின்றுபோதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் வேறு சோதனை எதுவும் செய்யாமல் முதலில் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பழுது பெருகும். புதுவகை எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். அதற்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடையாது.

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். டிஸ்க் கெட்டது என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதே ஒரு நகல் எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஸ்ரீரங்கத்து உறுப்பினர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அழிரப்பர் ஒன்றும் கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறார்.