கிழக்குக் கரையில் தூண்டில் பருவம்

விடுமுறை நாள்களில் தூண்டிலுடன் கிழக்குக் கரைக்குச் செல்வோர் நம் தோட்டங்களிலும் உளர். பகாங் மாநிலத்துக் குவாலா ரொம்பினுக்கும் தியோமான் தீவுக்கும் இடைப்பட்ட கடற்பரப்பு மயில்மீனுக்குப் பெயர் பெற்றது. இதனை மலாய் மொழியில் 'இக்கான் லாயாரான்' என்பர். பாய்போன்ற முதுகுத் துடுப்பை விரித்து, சிறுமீன் கூட்டங்களை வளைத்து உண்பது இதன் இயல்பு.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென் சீனக் கடலின் நெடும்பரப்பைக் கடந்து வருவதால் 3 மீட்டருக்கும் மேற்பட்ட அலைகளை எழுப்ப வல்லது. மழையில் பால்வெட்டு நின்றுவிடுவதுபோல், அப்போது தூண்டில் படகுகளும் கரையில் ஒதுங்கிவிடுகின்றன. மே இறுதி முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குக் காற்றோ, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. ஆதலின் கரையையடுத்த கடல் அடங்கியிருக்கும்.

எனினும், இவ்வமைதியை நம்பிச் சிறு படகில் நெடுந்தொலைவு செல்லலாகாது. இயந்திரம் பழுதுற்றால், இதே காற்று படகைக் கரையில் சேர்க்காது. ஆழ்கடலுக்கே தள்ளிச் செல்லும். காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் இடிமழையாக மாறுவதும் உண்டு.

ஆகவே, புறப்படுமுன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைக் கேட்டறிவோம். கடலறிந்த படகோட்டியுடன் செல்வோம். மிதவை அங்கியைக் கழற்றாதிருப்போம். திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் கூறிச் செல்வோம். பிடித்த மயில்மீனை உயிருடன் கடலில் விடுவது அவ்விடத்து வழக்கம். நாமும் அதனைப் பேணுவோம். மீன் கிட்டாது போயினும், நலமாக வீடு திரும்புதலே முதன்மை.