‘சரியான பெயரை உள்ளிடவும்’... என் பேரே அதானே பாஸ்! - வெப்சைட் ஃபார்ம் நம்மளைத் திருப்பி அனுப்புறது ஏன்?

ஒரு வெப்சைட்ல ‘தொடர்புகொள்ள’ பக்கத்துக்குப் போறீங்க. பேர், போன் நம்பர், ஊர், என்ன வேணும்ங்கிற விவரம் எல்லாத்தையும் கட்டை விரலாலேயே டைப் பண்ணி ‘அனுப்பு’ பட்டனைத் தொட்டதும், சிவப்பு எழுத்துல ஒரு வரி வருது: ‘சரியான பெயரை உள்ளிடவும்.’ பெத்தவங்க வெச்ச பேரு. அதைவிடச் சரியான பேருக்கு எங்கே போறது?

உங்களைத் தடுத்தது எங்கேயோ இருக்கிற சர்வர்னு நினைச்சிருப்பீங்க. பெரும்பாலும் அது உங்க கையில இருக்கிற போன்தான். ஃபார்ம் திறக்கும்போதே அதோட சேர்ந்து சில விதிகளும் உங்க பிரௌசருக்கு வந்துடும். ‘பேர் கட்டம் காலியா இருக்கக் கூடாது’, ‘மெயில் முகவரியில @ இருக்கணும்’ங்கிற மாதிரி. பட்டனைத் தொட்டதும், தகவல் போனை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடியே அந்த விதிகள் ஓடிப் பார்க்கும். இதைத்தான் கிளையன்ட் சைடு வேலிடேஷன்னு சொல்றாங்க.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கோங்க. திருக்கோவிலூர் போகவேண்டியவர் அவசரத்துல திண்டிவனம் பஸ்ல கால் வைக்கிறார். ‘இது அங்க போகாதுங்க’ன்னு கண்டக்டர் படியிலயே சொல்லிடுறார். அவருக்கு நேரமும் மிச்சம், காசும் மிச்சம். ஃபார்ம்ல இருக்கிற ஸ்கிரிப்ட் செய்யவேண்டியது அந்தக் கண்டக்டர் வேலையைத்தான். நடுவழியில ஏறி டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிற செக்கிங் இன்ஸ்பெக்டர் வேற ஆள். அவர்தான் சர்வர். இந்த ரெண்டு பேரையும் குழப்பிக்கிறதுலதான் பல சைட்களோட பிரச்னையே ஆரம்பிக்குது.

நெட்ஸ்கேப் நிறுவனத்துல பிரெண்டன் ஐக் 1995-ல பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்ட்டோட முதல் வடிவத்தை எழுதினார். ஆரம்ப காலத்துல அதை மக்கள் அதிகம் பயன்படுத்தின வேலைகள்ல இந்த ஃபார்ம் சரிபார்ப்பும் ஒண்ணு. டயல்-அப் இன்டர்நெட் காலம் அது. ஒரு கட்டத்தை விட்டுட்டீங்கன்னா, ஃபார்ம் சர்வர் வரைக்கும் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். இப்போ வேகம் பிரச்னை இல்ல. விதிகளை யாரை மனசுல வெச்சு எழுதறாங்கங்கிறதுதான் பிரச்னை.

திண்டிவனத்துல ஒரு கல்யாண மண்டபம், அதுக்கு ஒரு வெப்சைட்னு வெச்சுக்குவோம். அதை டிசைன் பண்ற நண்பர் நீங்கதான். முகூர்த்த நாள் காலியா இருக்கான்னு கேட்க வர்றவங்களுக்கு ஒரு சின்ன ஃபார்ம்.

போன் நம்பருக்கு இன்டர்நெட்ல கிடைக்கிற விதி ஒண்ணு உண்டு: மொத்தம் 10 இலக்கம், முதல் இலக்கம் 6-லிருந்து 9-க்குள்ள. இந்திய மொபைலுக்கு இது சரி. ஆனா கடை லேண்ட்லைன்லேருந்து ஒருத்தர் கேட்கிறார்னா? திண்டிவனம் எஸ்டிடி கோடு 04147, விழுப்புரத்துக்கு 04146. பூஜ்யத்தோட எழுதினா 11 இலக்கம். பூஜ்யத்தை விட்டா 4-ல ஆரம்பிக்கும். ரெண்டு வழியிலயும் விதி கதவைச் சாத்திடும். தங்கச்சி கல்யாணத்துக்கு சிங்கப்பூர்லேருந்து மண்டபம் தேடுற அண்ணன் நிலைமை இன்னும் மோசம். அவர் மொபைல் நம்பர்ல இருக்கிறதே 8 இலக்கம்தான்.

இதைவிட விவகாரமானது, தப்பு நடந்ததே தெரியாம உள்ளே போறது. கட்டத்துக்கு 10 எழுத்துன்னு மேக்ஸ்லென்த் வெச்சுட்டீங்க. வந்தவர் கான்டாக்ட்ல இருந்து நம்பரை காப்பி பண்ணி ஒட்டுறார். அது பிளஸ் குறி, 91, ஒரு இடைவெளி, அஞ்சு இலக்கம், இன்னொரு இடைவெளின்னு இருக்கும். அதுக்குள்ளேயே 10 எழுத்து முடிஞ்சுபோச்சு! மிச்ச அஞ்சு இலக்கத்தை போன் சத்தமில்லாம வெட்டிடும். ‘10 எழுத்து இருக்கா?’ன்னு மட்டும் பார்க்கிற ஸ்கிரிப்ட், ‘இருக்கு’ன்னு அனுப்பியும் வெச்சிடும். மண்டபத்துக்காரர் கையில பாதி நம்பர். போன் வரும்னு காத்திருக்கிறவர், ‘மதிக்கவே இல்ல’ன்னு அடுத்த மண்டபத்தைப் பார்த்துப் போயிடுவார்.

வழி ரொம்ப சிம்பிள். முதல்ல இடைவெளி, கோடு, பிளஸ் எல்லாத்தையும் ஸ்கிரிப்ட்டே நீக்கிட்டு, அப்புறம் எண்ணிப் பார்க்கட்டும். வெளிநாட்டு நம்பருக்கும் இடம் கொடுங்க. கட்டத்தோட வகையை ‘டெல்’னு வைங்க, போன்ல எண் கீபோர்டு தானா வந்துடும். ‘நம்பர்’ வகை வேணாம். அதை ஸ்கிரிப்ட்ல எண்ணா மாத்தும்போது முன்னாடி இருக்கிற பூஜ்யம் காணாமப் போயிடும்.

இப்போ பேருக்கு வருவோம். ‘ஆங்கில எழுத்து மட்டும்தான், புள்ளி, இடைவெளி கூடாது’ன்னு விதி எழுதறவங்க இன்னமும் இருக்காங்க. மு.கருணாநிதி, எம்.ஜி.ராமச்சந்திரன், ஜெ.ஜெயலலிதா... மூணு முதலமைச்சர்களும் அந்த ஃபார்ம்ல ஃபெயில்! நம்ம ஊர்ல இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பேர் பலருக்குக் கிடையாது. ஆனா ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’னு சொல்லும் ஃபார்ம். சிலர் ஒரு புள்ளி வைப்பாங்க, சிலர் அப்பா பேரைப் போடுவாங்க, சிலர் தன் பேரையே ரெண்டு தடவை அடிப்பாங்க. மண்டப விசாரணைன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். கடைசி நாள்ல நிரப்புற வேலை விண்ணப்பம்னா? அங்கே போட்ட பேர் அப்படியே ஆவணத்துல அச்சாகி, ஆதாரோட ஒத்துப்போகலைன்னா, திருத்தறதுக்கு அலையப்போறது விதி எழுதினவர் இல்ல. அமெரிக்க விசாவுலயே ஒரே பேர் மட்டும் இருக்கிறவங்களுக்கு முதல் பேர் இடத்துல ‘எஃப்என்யூ’ன்னு போடுறாங்க. ‘முதல் பேர் தெரியவில்லை’ன்னு அர்த்தமாம்!

‘சரி, தமிழ் எழுத்தையும் அனுமதிச்சுடறேன்’னு நீங்க கிளம்பினா, அங்கேயும் ஒரு பொறி இருக்கு. நம்ம கண்ணுக்கு ‘விழுப்புரம்’ ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டா 11-ன்னு சொல்லும். கொக்கி, சுழி, புள்ளி எல்லாத்தையும் யூனிகோடு தனித்தனியா வெச்சிருக்கிறதால அந்தக் கணக்கு. ‘திண்டிவனம்’ அதே ஆறு எழுத்துதான், அதுக்கு 10. ஊர்ப் பேர்ல முதல் 10-ஐ மட்டும் எடுக்கிற ஸ்கிரிப்ட்ல போட்டா திண்டிவனம் முழுசா தப்பிச்சிடும். விழுப்புரம், புள்ளியை இழந்து ‘விழுப்புரம’ ஆயிடும். அதே மாதிரி, ‘எழுத்து மட்டும்’னு விதி வெச்சா, கொக்கியும் புள்ளியும் யூனிகோடு கணக்குல ‘எழுத்து’ இல்ல, ‘குறி’. ரெண்டு வகையையும் சேர்த்து அனுமதிக்கணும். என்னைக் கேட்டா, பேருக்கு ‘காலியா இருக்கக் கூடாது’ங்கிற ஒரே விதி போதும்.

ஊர் பேரையும் இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டி ஒப்பிட்டுப் பார்க்காதீங்க. ரயில்வே ஸ்டேஷன் பேர்ல ‘எல்’ ரெண்டு, ‘பி’ ஒண்ணு. மாவட்ட நிர்வாகத்தோட வெப்சைட் முகவரியில ‘எல்’ ஒண்ணு, ‘பி’ ரெண்டு. பின்கோடு வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, ஆறு இலக்கத்தையும் பாருங்க. ‘605-ன்னா புதுச்சேரி’ன்னு முதல் மூணை மட்டும் பார்த்து முடிவு பண்ணினா, 605602 வெச்சிருக்கிற விழுப்புரமும் புதுச்சேரிக்குப் போயிடும். திண்டிவனம் 604001. மாவட்டப் பட்டியல் வெச்சிருந்தா அதுல 38 இருக்கான்னு ஒரு தடவை எண்ணிடுங்க. 2019-ல விழுப்புரத்துலேருந்து பிரிஞ்ச கள்ளக்குறிச்சி, பழைய பட்டியலை காப்பி அடிச்ச ஃபார்ம்கள்ல இருக்காது.

தப்பைச் சொல்ற விதமும் முக்கியம். ‘தவறான உள்ளீடு’ன்னா யாருக்கு என்ன புரியும்? ‘நம்பர்ல 9 இலக்கம்தான் இருக்கு, ஒண்ணு விட்டுப்போச்சு’ன்னு அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சொல்லுங்க. டைப் பண்ண ஆரம்பிச்ச முதல் எழுத்துலயே சிவப்பைக் காட்டி மிரட்ட வேணாம், கட்டத்தை விட்டு நகர்ந்ததும் சொன்னா போதும். தப்புன்னு சொல்லிட்டு மொத்த ஃபார்மையும் காலி பண்றவங்களை என்ன செய்யறதுன்னே தெரியல.

அந்த இன்ஸ்பெக்டரை மறந்துடாதீங்க. பிரௌசர்ல இருக்கிற விதிகளை யார் வேணும்னாலும் நீக்கிடலாம், டெவலப்பர் டூல்ஸைத் திறந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஃபார்மே இல்லாம நேரா சர்வருக்குக் குப்பையை அனுப்பவும் முடியும். விஷமத்துக்கு அனுப்புறவன் கண்டக்டர் இருக்கிற படி பக்கமே வர மாட்டான். அதனால அதே சோதனைகளை சர்வர்லயும் ஒருமுறை செஞ்சே ஆகணும், வந்ததைத் திரையில காட்டும்போது அதுல ஒளிஞ்சிருக்கிற ஸ்கிரிப்ட் ஓடாமலும் பார்த்துக்கணும்.

சைட்டை வெளியிடறதுக்கு முன்னாடி உங்க போன்லயே சோதிச்சுப் பாருங்க. ஒரு தடவை தமிழ்ல, இனிஷியல் புள்ளியோட. அடுத்து ஒத்தைப் பேர் மட்டும். அப்புறம் கான்டாக்ட்ல இருந்து ஒட்டின நம்பர், 04147 நம்பர். கடைசியா கம்ப்யூட்டர்ல ஜாவாஸ்கிரிப்ட்டை ஆஃப் பண்ணி, கட்டங்கள்ல இருக்கிற விதிகளையும் எடுத்துட்டு காலி ஃபார்மையே அனுப்புங்க. அது உங்க இன்பாக்ஸ்ல வந்து விழுந்தா, செக்கிங்குக்கு நீங்க இன்னும் ஆள் போடலைன்னு அர்த்தம்.