தொட்டாற்சிணுங்கியை வீட்டில் வளர்க்கலாமா? தரையில் வேண்டாம், தொட்டி ஓகே!

தொட்டதும் இலையை மூடிக்கொள்ளும் தொட்டாற்சிணுங்கியைக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா, அதை எங்கே நடுறோம் என்பது முக்கியம்.

ஏன் சிணுங்குது?
இலைக்காம்பின் அடியில் சின்ன வீக்கம் இருக்கும். தொட்டதும் அதன் ஒரு பக்க செல்களிலிருந்து நீர் வெளியேற, இலை மடங்கிவிடும். இந்தச் செடியின் மின் சமிக்ஞையைத்தான் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்தார்.

எப்படி வளர்ப்பது?
* விதைத்தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கவும்.
* சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மணலில் தண்ணீர் நிற்காது. தொட்டியில் செம்மண், மட்கிய தொழு உரம் கலந்துகொள்ளவும்.
* நல்ல வெயில் வேண்டும். நீர் தேங்கக் கூடாது. வளர்ந்ததும் இளஞ்சிவப்பில் பஞ்சு உருண்டை போலப் பூக்கும்.

தரையில் ஏன் வேண்டாம்?
இதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். இங்கே இது வேகமாகப் பரவும் களை. காயில் உள்ள முள்மயிர் துணியிலும், ஆடு மாடுகளின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு விதையைப் பரப்பும். தண்டு முழுக்க முள். இதிலுள்ள மிமோசின் என்ற பொருள் கால்நடைகளுக்கு ஆகாது. அதனால் பூ உதிர்ந்ததும், காய் முற்றும் முன்பே கிள்ளிவிடுங்கள்.

முக்கியமா, சும்மா சும்மா தொடாதீங்க. இலை மூடியிருக்கும்போது செடிக்குக் கிடைக்கும் வெயில் குறையும்.