ஒரே மேனி, வேறு வேறு பெயர்

செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மேல்சித்தாமூர்ப் பக்கம் வருவதில்லை. தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் அது. அங்கே மலைநாதர் கோயிலில் பாறையிலேயே வடித்த புடைப்புச் சிற்பங்கள் உண்டு. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு வேலை.

புடைப்புச் சிற்பத்தில் உளி வேலை செய்வது உருவத்தைச் சுற்றித்தான். சுற்றியுள்ள கல்லைக் கொத்தித் தாழ்த்தத் தாழ்த்த உருவம் மேலெழுந்து நிற்கும். கருங்கல்லில் அதிகமாகத் தெறித்த சில்லை மறுபடி ஒட்ட முடியாது.

கைத்திறனைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. முருகனை வேலும் மயிலும் காட்டிக்கொடுத்துவிடும். சமணர் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர்களோ 24 பேர். ஆயுதமில்லை, நகையில்லை, ஆடையுமில்லை. கைகளைத் தொங்கவிட்டு நிற்பார்கள், இல்லையேல் தியானத்தில் அமர்ந்திருப்பார்கள். முக்குடையும் சாமரமும் எல்லாருக்கும் பொது. பிறகு யார் யாரென்று எப்படிக் காட்டுவது?

சிற்பி அவரவர் கதையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டார். தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்தால் பார்சுவநாதர். பகைவன் கமடன் தொல்லை கொடுத்தபோது நாகராசன் தரணேந்திரன் படமெடுத்துக் காத்த கதை அது. தோளில் சடை புரண்டால் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பாகுபலி. இவர் தீர்த்தங்கரர் அல்லர், ஆதிநாதரின் மகன். அண்ணன் பரதனை வென்ற கையோடு அரசைத் துறந்து, ஓராண்டு அசையாமல் நின்றார். அசையாதவர் எவ்வளவு காலம் அசையாமல் நின்றார் என்பதைக் கல்லில் எப்படிச் சொல்வது? கால்களிலும் கைகளிலும் கொடியைப் படரவிட்டார்கள். அவ்வளவுதான், ஓராண்டு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தமிழகப் பாறைகள் பலவற்றில் அவர் பக்கத்தில் சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் நிற்பார்கள்.

பீடத்தில் காளை இருந்தால் ஆதிநாதர், சங்கு இருந்தால் நேமிநாதர், சிங்கம் இருந்தால் மகாவீரர் என்று இலாஞ்சனை எனும் அடையாளச் சின்னம் பார்த்துச் சொல்லும் வசதி பிற்காலத்தில் பரவியது. பழைய பாறைச் சிற்பங்களில் பெரும்பாலும் அது கிடையாது.

செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றுக்குப் போனால், அடையாளமின்றி வடிக்கும் இந்த வழக்கம் இன்னும் விளங்கும்.  அங்கே பாறையொன்றில் தீர்த்தங்கரர்கள் வரிசைக்கு 12 பேராக, இரண்டு வரிசையில், ஏறக்குறைய ஒரே அச்சில் அமர்ந்திருக்கிறார்கள். இவர் யார், அவர் யார் என்று ஆராயத் தோன்றும். 24 என்று எண்ணி முடிப்பதைத்தான் அந்தச் சிற்பி நம்மிடம் எதிர்பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.