ஆட்டோ மீட்டருக்குள் ஒரு சமன்பாடு... `திட்ட வடிவம்' எதற்கு?

"அக்கா, சமன்பாடு சரியாத்தானே இருக்கு. அதை எதுக்கு திட்ட வடிவத்துல மாத்தி எழுதணும்?"

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சித்தி மகள் போனில் கேட்டாள். இதே கணக்கில் ஒரு மைனஸை விட்டு மார்க்கை இழந்தவள் நான். அன்று நானும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவளுக்குச் சொன்ன பதில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

மீட்டர் சொல்லும் கணக்கு

2013-ல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய். அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். தூரம் எக்ஸ், கட்டணம் ஒய் என்று வைத்தால், 1.8 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு:

ஒய் = 25 + 12 (எக்ஸ் – 1.8)

மாற்றுவது எப்படி?

1. அடைப்புக்குறியை நீக்கிச் சுருக்குங்கள்.
ஒய் = 12 எக்ஸ் + 3.4

2. எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டு வாருங்கள். பக்கம் மாறும் ஒய்க்கு மைனஸ் வரும். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்!
12 எக்ஸ் – ஒய் + 3.4 = 0

3. தசமப் புள்ளி போக, 5-ஆல் பெருக்குங்கள். ஓர் உறுப்பைக்கூட விடக் கூடாது.
60 எக்ஸ் – 5 ஒய் + 17 = 0

இதுதான் திட்ட வடிவம். வலப்பக்கம் பூச்சியம் மட்டுமே இருக்கும்.

இதனால் என்ன லாபம்?

'மீட்டர் வேண்டாம், கி.மீ.க்கு 13 ரூபாய் கொடுங்க' என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது, ஒய் = 13 எக்ஸ். இதையும் அதே வடிவத்துக்கு மாற்றி, 5-ஆல் பெருக்கி, மீட்டர் சமன்பாட்டுக்கு மேலே எழுதுங்கள்:

65 எக்ஸ் – 5 ஒய் = 0
60 எக்ஸ் – 5 ஒய் + 17 = 0

எக்ஸுக்கு நேராக எக்ஸ், ஒய்க்கு நேராக ஒய். மேலிருந்து கீழுள்ளதைக் கழித்தால் ஒய் காணாமல் போகும். 5 எக்ஸ் = 17, எனவே எக்ஸ் = 3.4.

3.4 கி.மீ.யில் இரண்டு கட்டணமும் ஒன்றுதான்: 44 ரூபாய் 20 காசு. அதைத் தாண்டினால் மீட்டரே மலிவு. இரண்டு சமன்பாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால், முதலில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். திட்ட வடிவம் செய்யும் வேலை அதுதான்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "அப்போ 4 கி.மீ.க்கு மீட்டர்ல 51 ரூபாய் 40 காசு, அவர் கேட்டா 52. அறுபது காசு மிச்சம்க்கா!"

மைனஸை அவள் விடவில்லை.