செம்பனை விதைக்கு யார் உரியவர்?

சுங்கை பூலோவை அடுத்து இன்று வீடுகளும் கடைவரிசைகளுமாகப் பெருநகரியமாய் விரிந்திருக்கும் எல்மினா, ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டம். அங்கே நின்ற ஒரு மரத்துக்கு ஆய்வாளர்கள் இ-206 என்று எண் கொடுத்தார்கள். தண்டு பருத்த குட்டை மரம் அது. நீண்ட கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்குத்தான் குட்டை மரத்தின் அருமை தெரியும். விதை வளர்ப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. இ-206 வழிவந்த மரங்கள் செம்பனை இனவிருத்தி ஏடுகளில் தனிப் பரம்பரையாகவே இடம் பிடித்தன. செர்டாங்கில் சாலையோரம் நட்ட மரங்களுக்கும் அப்படி ஒரு பரம்பரை உண்டு. கேரித் தீவும் பந்திங்கும் இன்றுவரை விதை ஆய்வுக்குப் பெயர் போனவை. செம்பனை என்றால் ஜொகூரும் பகாங்கும் சபாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் விதை வணிகத்தின் ஆரம்ப வரலாற்றில் பெரும்பகுதி கிள்ளானைச் சுற்றிய சிலாங்கூர் மண்ணில் நடந்தது. அந்த வரலாற்றை முதலாளிகளையும் விஞ்ஞானிகளையும் மட்டும் வைத்துச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்பது என் வாதம். விதையை விலைபோகும் பொருளாக்கியது அதன் பிறப்பைப் பற்றிய உறுதி. அந்த உறுதி தோட்டத் தொழிலாளியின் கையில் உருவானது.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வழியாகவும் இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வந்தவை. அவற்றின் சந்ததி சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போய், புகையிலைத் தோட்டங்களில் அழகு மரங்களாக நின்றது. 1911-இல் பெல்ஜியரான அட்ரியன் ஹாலே அங்கே வணிகத்துக்காக அதைப் பயிரிடத் தொடங்கினார். அவரிடமிருந்து விதை பெற்ற பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அதை முளைக்க வைத்து, 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். இவர்தான் பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவர். ஆக, இந்த நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கரில் தாய் வழியாக நிற்கும் டெலி இனம் முழுவதும் நான்கே நான்கு மரங்களின் வாரிசு. இத்தனை குறுகிய வம்சத்திலிருந்து இவ்வளவு பெரிய தொழில் எழுந்தது வியப்புதான். அதற்குள் ஓர் ஆபத்தும் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆனாலும் அந்தக் காலத்தில் விதை தனியொரு வணிகப் பொருளாக மதிப்புப் பெறவில்லை. நல்ல மரத்தில் குலை பழுத்தால் அதிலிருந்து விதை எடுத்து அடுத்த நிலத்தில் நடலாம், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். இந்த நிலையைப் புரட்டிப் போட்டது 1941-இல் பெல்ஜியக் கொங்கோவில் பேர்னார்ட், வாண்டர்வெயென் என்ற இருவர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு. செம்பனைப் பழத்தில் மூன்று வகை உண்டு. கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு உள்ளது தூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. இதன் பெண்பூங்குலைகள் பெரும்பாலும் பழமாகாமல் அழுகிப் போகும். இரண்டுக்கும் இடையே மெல்லிய ஓடு கொண்டது தெனெரா. தூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் பிறப்பதெல்லாம் தெனெராதான் என்று அவர்கள் நிறுவினார்கள். ஓடு மெலிந்த இடத்தில் சதை பெருகுவதால், தெனெரா குலையில் தூராவைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் கிடைக்கும். 1960-களில் மலேசியத் தோட்டங்கள் தெனெராவுக்கு மாறியதன் காரணம் இதுதான். ஆனால் அந்தத் தெனெராவின் விதையை எடுத்து மறுபடி நட்டால் கணக்கு உடைந்துவிடும். இரண்டு தெனெராக்கள் சேர்ந்து பிறக்கும் கன்றுகளில் கால் பங்கு தூரா, கால் பங்கு பிசிஃபெரா, பாதி மட்டுமே தெனெரா. எனவே நடுகிறவர் ஒவ்வொரு முறையும் விதை உற்பத்தியாளரிடமே திரும்பிப் போக வேண்டும். விதை வணிகம் அந்தக் கட்டாயத்திலிருந்துதான் பிறந்தது.

கலப்பு என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். செய்வது எப்படி? தாய்மரத்தில் மட்டைக் கக்கத்திலிருந்து பெண்பூங்குலை வெளிப்படும்போதே, அது மலர்வதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பாக, மூடியிருக்கும் பாளையை உரித்துவிட்டு முழுக் குலைக்கும் நெருக்கமாய் நெய்த துணிப்பை ஒன்றை மாட்ட வேண்டும். பூச்சிமருந்து தடவிய பஞ்சைக் காம்பைச் சுற்றி வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சின்ன வண்டு உள்ளே நுழைந்தாலும் வேறு மரத்தின் தாது அதன் உடம்பில் ஒட்டி வந்திருக்கும். பையில் உள்ள சின்னக் கண்ணாடித்தாள் சன்னல் வழியாக நாள்தோறும் பார்த்து, பூ மலர்ந்த அன்றே பிசிஃபெராவின் தாதை டால்கம் தூளுடன் கலந்து, ஒரு துளை வழியாக உள்ளே ஊதி, அந்தத் துளையை உடனே ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் கருவுறும் பூக்கள் குறையும். பிறகு தேதியும் தாய் தந்தை எண்களும் எழுதிய சீட்டைக் கட்டுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்துக் குலை இறங்கும். சதையை நீக்கிக் காயவைத்த கொட்டைகளை, உறக்கம் கலைவதற்காகச் சுமார் 40 பாகை சூட்டில் வாரக்கணக்கில் வைத்து, ஊறவைத்து முளைக்க விடுவார்கள். இத்தனை கட்டத்திலும் அந்தச் சீட்டு குலையைவிட்டும் கொட்டையைவிட்டும் பிரியக் கூடாது. மலேசியாவின் செம்பனை விதைத் தரநிலையான எம்எஸ் 157 இந்தக் கறாரைத்தான் விதியாக்கி வைத்திருக்கிறது.

இந்தக் கைத்திறன் விதைக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1981-க்கு முன்பு நம் நாட்டில் இளஞ்செம்பனைக்கு இயற்கையில் போதிய மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. அதனால் தோட்டந்தோறும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் தாதை ஊதினார்கள். அந்த ஆண்டு, கேமரூனில் ஆராய்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கொண்டுவந்த சின்னஞ்சிறு வண்டினம் ஜொகூரின் குளுவாங் அருகே விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது தீபகற்பம் முழுதும் பரவி, அந்த வேலையே இல்லாமல் போனது. ஆய்வாளரின் பெயரும் வண்டின் லத்தீன் பெயரும் பாடநூல்களில் உள்ளன. அதுவரை அந்த வண்டின் வேலையைச் செய்த கைகளைப் பற்றி ஒரு வரி தேடினாலும் கிடைப்பதில்லை. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் அந்தக் கைகளில் உண்டு என்பதை நம் சமூகம்கூட எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

சொன்னதைச் செய்தவருக்கு வரலாற்றில் ஏன் இடம் என்று கேட்கலாம். எந்த மரத்தை எதனோடு கலப்பது என்று முடிவு செய்தது ஆய்வாளரின் மூளை, தொழிலாளி ஊதியத்துக்கு உழைத்தார், அவ்வளவுதான் என்பது அந்த வாதம். கலப்பைத் திட்டமிட்டவரின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கன்றைப் பார்த்து அது தூராவா தெனெராவா என்று அன்று எவராலும் சொல்ல முடியாது. நட்டுச் சுமார் மூன்று ஆண்டு கழித்துப் பழம் வந்து, அதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை விதைக்கு ஒரே சான்று, பை சரியாகக் கட்டப்பட்டது என்ற நம்பிக்கை. பை கட்டியவர் அசட்டையாக இருந்திருந்தால், இருபத்தைந்து ஆண்டு நிற்கவேண்டிய தோட்டமே பிழையாகப் போயிருக்கும். 2013-இல்தான் மலேசியச் செம்பனை வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட குழு, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்து நேச்சர் இதழில் வெளியிட்டது. இப்போது நாற்றுமேடையிலேயே இலைத்துணுக்கை வைத்துச் சோதிக்கலாம். அப்படிச் சோதித்தபோது, நாட்டின் சுயேச்சைத் தோட்டங்களிலும் அவற்றுக்குக் கன்று தரும் நாற்றுமேடைகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று தெனெரா அல்ல என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. மரபணுச் சோதனை வருவதற்கு முந்தைய பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தது கைகள்தாம்.

இன்னொரு எதிர்வாதம் நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். இந்த மரமே ஆப்பிரிக்காவின் சொத்து, அதை எடுத்து வந்து விதை விற்றவர்களின் கதையில் மலேசியத் தொழிலாளிக்குப் பங்கு கேட்பதென்ன நியாயம் என்பார்கள். ஆப்பிரிக்க உழவரின் பங்கு பெரிது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். தந்தை வழியில் புகழ்பெற்ற ஆவ்ரோஸ் பரம்பரைகூடக் கொங்கோவின் ஏயாலா தோட்டத்திலிருந்து சுமத்ராவுக்கு வந்த விதையில் தொடங்கியதுதான். நான்கு மரங்களின் வம்சத்தை நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்த மலேசியா, 1973-இல் நைஜீரிய ஆய்வுக் கழகத்தோடு சேர்ந்து அந்நாட்டின் 45 இடங்களில் 919 மரங்களிலிருந்து விதை சேகரித்தது. இந்தச் சேகரிப்புப் பணியோடு நீண்டகாலம் இணைத்துப் பேசப்படும் பெயர் என். ராஜநாயுடு. பிறகு கேமரூன், அங்கோலா, கானா எனப் பல நாடுகளிலிருந்தும் விதை வந்து, குளுவாங்கில் உலகின் மிகப்பெரிய செம்பனை மரபுச் சேமிப்பாக நிற்கிறது. நைஜீரியச் சிற்றூர்களில் தலைமுறைகளாக அந்த மரங்களை வெட்டாமல் காத்தவர்களும் பெயர் இல்லாதவர்களே. ஒருவரின் பங்கை ஒப்புக்கொள்வதால் மற்றவரின் பங்கு குறைந்துவிடாது.

சட்டத்துக்குப் புறம்பான பயிர்களிலும் உழைத்தவர் பெயர் மறையும் இதே கதைதான். கஞ்சாவை நம் நாட்டில் வளர்த்தாலே கடுங்குற்றம். ஆனால் 1961-இன் ஐ.நா. ஒப்பந்தம், பூங்குலையோடு சேராத விதையைக் கஞ்சா என்ற வரையறையில் சேர்க்கவில்லை. 1980-களில் நெவில் ஷூன்மேக்கர்ஸ் போன்றவர்கள் நெதர்லாந்திலிருந்து தபால் வழியே கலப்பு விதை விற்று ஓர் உலக வணிகத்தையே வளர்த்தார்கள். அந்த விற்பனைப் பட்டியல்களில் மூதாதை ரகங்களாகத் தென்னிந்தியா, தாய்லாந்து, கொலம்பியா என்று ஊர்ப்பெயர்கள் வந்தன. அந்த விதையைத் தேர்ந்து தேர்ந்து காத்த மலையுழவர்கள் அங்கும் பெயராக வரவில்லை. பயிர் நல்லதோ கெட்டதோ, கலந்து விற்றவரின் முத்திரை தங்குகிறது, காத்தவரும் கட்டியவரும் உதிர்ந்துபோகிறார்கள்.

செம்பனை விஷயத்தில் நமக்கு இன்னும் சிறிது அவகாசம் இருக்கிறது. 1975-இல் இருபது வயதில் தாது ஊதியவருக்கு இன்று எழுபது கடந்திருக்கும். தோட்டங்கள் குடியிருப்பு நகரங்களாக மாறியபோது அவர்களில் பலர் கிள்ளான், பந்திங், பூச்சோங் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் தொழிற்சங்கமும் செம்பனை வாரியமும் சேர்ந்து அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். எந்த மரத்தில் என்ன நேரத்தில் பை மாட்டினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மரம், என்ன கூலி, தவறினால் என்ன தண்டம் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. தோட்ட அலுவலகங்களின் பழைய கலப்புப் பதிவேடுகளில் யார் யார் பை கட்டினார்கள் என்ற குறிப்பு இருந்தால், அந்த ஏடுகள் கரையானுக்குப் போகுமுன் ஆவணக்காப்பகத்துக்கு வர வேண்டும்.