அயல்நாட்டு உறவுகள் பயில விழைவோர்க்கு

பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுட் சிலர் பன்னாட்டு உறவுகள் பற்றிய பட்டப்படிப்பை நாடுகின்றனர், மகிழ்கிறோம். ஆயினும் பட்டத்தின் பெயரைக் கேட்டறியும் பெற்றோர், அதனுள் அடங்கும் பாடங்களைக் கேட்பதில்லை. இந்திய அயல்நாட்டுப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆகவே பெயரினும் பாடத்தேர்வே முதன்மையானது.

1964 அக்டோபர் 30-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நோக்குவோம். இலங்கைவாழ் இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; 1,50,000 பேரின் நிலை பின்னைக்கு விடப்பட்டது. இதனை விளங்கிக்கொள்ள அரசியல் நூல் மட்டும் போதுமா? தோட்டத் தொழிலாளர் குடியேறியது வரலாறு. தேயிலை வாணிகம் பொருளியல். அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ சட்டவியல். (அம்மக்களின் விருப்பத்தை முன்கூட்டி எவரும் கேட்கவில்லை என்பதையும் மாணவர் அறிதல் நலம்.)

ஆதலின் முதலாண்டிலேயே பொருளியலையும் தற்கால வரலாற்றையும் மேற்கொண்டு, அடுத்து பன்னாட்டுச் சட்டம் பயில்க. வேற்றுமொழியை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடலாகாது. சீனமும் அரபும் ஓராண்டில் வசப்படுவன அல்ல. கல்லூரியில் அதற்கு வகுப்பு இல்லையேல் மாலை வகுப்பை நாடலாம். வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரும் சுமையன்று.

விருப்பப் பாடமென ஏட்டில் அச்சிடப்பெற்றவை யாவும் ஆண்டுதோறும் நடத்தப்பெறுவதில்லை. சேர்க்கைக்கு முன்பே துறைத் தலைவரைக் கண்டு, எவை எந்தப் பருவத்தில் நடைபெறும் என்று கேட்டறிந்து வருக.